மூச்சுக்கருவி (தீயணைப்பு, மீட்பு)

புகை, நச்சுவாயு, ஆக்சிஜன் குறைவு உள்ள இடங்களில் தீயணைப்பு வீரர்களும் மீட்புப் பணியாளர்களும் அணிவது மூச்சுக்கருவி. தீயணைப்பு நிலையங்களில் இதை ‘பி.ஏ. செட்’ என்பார்கள். வெளிக்காற்றை வடிகட்டும் முகமூடிகள் இதில் அடங்கா. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வடிகட்டி என்ன செய்யும்?

தொடக்கக்காலக் கருவிகளுக்கு வெளியிலிருந்து குழாய்வழியே காற்று வந்தது. 1823இல் இங்கிலாந்தின் சார்லஸ் டீன் புகைக் கவசம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது விலைபோகவில்லை, பின்னாளில் முத்திரை பதித்தது மூழ்குவோர் கவசமாகத்தான். குழாயை அறுத்து மனிதனைத் தன்போக்கில் நடக்கவிட்ட பெருமை ஹென்றி ஃபிளியூஸையே சேரும். 1870களின் இறுதியில் அவர் அமைத்த கருவியில் செப்பு உருளையிலிருந்து ஆக்சிஜன் வந்தது. வெளிவிட்ட மூச்சிலிருந்த கரியமில வாயுவைக் காரத்தில் நனைத்த நார் உறிஞ்சியது.

அதன் புகழுக்குக் காரணம் தீயன்று, வெள்ளம். செவர்ன் ஆற்றுக்கடியில் தோண்டிய ரயில் சுரங்கம் 1879இல் நீரில் மூழ்கியது. மறு ஆண்டு, சுமார் 1,000 அடி உள்ளேயிருந்த இரும்புக் கதவை மூட மூழ்காளர் அலெக்சாண்டர் லாம்பர்ட் இறங்கினார். காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாமல் திரும்பினார். பிறகு ஃபிளியூஸின் கருவியை அணிந்து சென்று, கும்மிருட்டில் கதவை மூடினார். அருகிலிருந்த அடைப்பானையும் சொன்னபடி திருகினார். அது இடப்புற மரையுள்ளது என்பதால் மூடுவதற்குப் பதில் திறந்துவிட்டார் என்பது பின்னரே தெரிந்தது. கருவியின்மேல் குறையில்லை.

சுரங்க மீட்பில் இதன் தேவையை உலகுக்கு உணர்த்தியது 1906 மார்ச் 10 அன்று பிரான்சின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பு. 1,099 பேர் மாண்டனர். ஜெர்மன் மீட்புக் குழுவினர் ஆக்சிஜன் கருவிகளோடு எல்லை தாண்டி வந்து உதவினர்.

இவை மூடிய சுற்று வகை. வெளிவிட்ட மூச்சே தூய்மையாகித் திரும்பும். நான்கு மணி நேரம்வரை தாங்குவதால் சுரங்கங்களில் இன்றும் இவ்வகை உண்டு. தீயணைப்பில் நிலைத்தது திறந்த சுற்று: அழுத்தக் காற்றை இழுத்து, மூச்சை வெளியே விடுவது. விமானிகளின் ஆக்சிஜன் சாதன அனுபவத்திலிருந்து அமெரிக்காவின் ஸ்காட் நிறுவனம் 1945இல் ‘ஏர்-பேக்’ கொண்டுவந்தது. 1970களில் நாசா எடையைக் குறைத்தது. 6 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று அடங்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் எனக் கொண்டால் 45 நிமிடம். படியேறி மூச்சிரைப்பவருக்கு அவ்வளவு வராது. காற்று குறைந்தால் விசில் ஊதும்.

இக்காலக் கருவிகள் கரிம இழை உருளை, முகமூடிக்குள் மிகையழுத்தம், அசைவின்றிக் கிடந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஆகியவற்றோடு வருகின்றன.