உப்புக் கரிக்கும் நெற்றி

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லீங்க. பழைய கதைகளைத் தோண்டுறதுல ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். விவரம் தெரிஞ்சவங்க தப்பிருந்தா தாராளமா குட்டலாம்.

ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. குழந்தையை முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிச்சா, அதுக்கு யாரோ சூனியம் வெச்சிருக்காங்க, சீக்கிரமே செத்துடும்னு. சூனியம் கப்சாதான். ஆனா உப்பும் சாவும் கப்சா இல்லை.

1938-ல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர், இறந்துபோன குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்தார். கணையம் நாராகிக் கிடந்தது, நுரையீரலில் கெட்டிச் சளி. இது தனி நோய் என்று எழுதினார். கணையத்தை வைத்து வந்த பெயர்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். ஆளைக் கொல்வது பெரும்பாலும் நுரையீரல், பெயர் என்னவோ கணையத்துக்கு!

1948-ல் அதே ஊரில் கொடும் வெயில். சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய்க்காரங்க நிறைய. ஏன்னு யோசிச்சவர் பால் டி சான்டாக்னீஸ். அவங்க வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் காட்டினார். இன்னிக்கும் நோயைக் கண்டுபிடிக்க வியர்வைப் பரிசோதனைதான்.

சரி, வியர்வை உப்புக்கும் நெஞ்சுச் சளிக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார். பால் குவின்டன். சின்ன வயசிலிருந்தே இருமல். கல்லூரி நாட்களில் நூலகத்தில் படிச்சுப் பார்த்து, தனக்கு இருப்பது இந்த நோய்தான்னு தானே புரிஞ்சுக்கிட்டவர். அழுதுக்கிட்டு உட்காராம ஆராய்ச்சிக்கே போயிட்டார். தன் தோலில் இருந்தே வியர்வைச் சுரப்பிகளை எடுத்து ஆராய்ந்தார். (நமக்கெல்லாம் ஊசி போட்டாலே மயக்கம் வரும்.)

1983-ல் அவர் சொன்ன விடை: குளோரைடு. வியர்வை வெளியே வரும் வழியில் குழாய்ச் சுவர் குளோரைடைத் திரும்ப உறிஞ்சணும், கூடவே சோடியமும் போகும். இவங்களுக்குக் குளோரைடு போகும் வழி அடைச்சிருக்கு, அதனால உப்பு வெளியே வந்துடுது. நுரையீரலில் அதே அடைப்பு வேற மாதிரி வேலை காட்டுது. குளோரைடு மூச்சுக்குழாய்ப் பரப்புக்கு வந்தாத்தான் பின்னாடியே தண்ணி வரும். வரலேன்னா சளி பசையாகுது. அதைத் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் ஓஞ்சுபோகுது. தேங்கின சளியில் கிருமிகள் நிரந்தரமா குடியேற, வருஷக்கணக்கில் நுரையீரல் சிதையுது.

1989-ல் லாப்-சீ சூயி, ஜான் ரியார்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவினர் மரபணுவைப் பிடிச்சாங்க. ஏழாவது குரோமோசோமில் இருக்கும் அதில் மிகப் பரவலான கோளாறு, மூன்றே எழுத்து விடுபட்டுப் போறது. 1480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 508-வது மட்டும் இல்லை. மடிப்பு கோணலாக, செல்லே அதைக் குப்பைன்னு அழிச்சுடுது.

கோணலைச் சரிசெய்து கதவையும் திறக்கும் மூன்று மருந்துக் கூட்டு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது வருஷத்துக்கு விலை சுமார் 3 லட்சம் டாலர். புரதமே உருவாகாத வகைக் கோளாறு உள்ளவங்களுக்கு, காசு இருந்தாலும் இது பயன்படாது. சரிசெய்ய அங்கே கதவே இல்லையே.