யூனிவர்சல் ஜாயின்ட்

ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும் இரு தண்டுகளுள் ஒன்றின் சுழற்சியை மற்றதற்குக் கடத்தும் இணைப்பு. பின்சக்கரங்களால் ஓடும் கார்களிலும் லாரிகளிலும் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் இது உண்டு. கியர்பாக்ஸ் வண்டியின் உடலோடு நிற்கிறது; பின் அச்சோ சாலையின் மேடுபள்ளத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது. இடையில் மாறிக்கொண்டே இருக்கும் சாய்வை இந்த இணைப்பு ஏற்றுக்கொள்கிறது.

அமைப்பு: ஒவ்வொரு தண்டின் முனையிலும் கவை போன்ற யோக் ஒன்று இருக்கும். செங்குத்தாக எதிர்கொள்ளும் இரு யோக்குகளும் கூட்டல் குறி வடிவிலான ‘கிராஸ்’ ஒன்றின் நான்கு கைகளைப் பற்றியிருக்கும். கைகள் நீடில் பேரிங்குகளில் அசைவதால் தண்டு எந்தப் பக்கமும் மடங்கியபடியே சுழலும்.

வரலாறு: இந்த இணைப்பின் மூலக்கருத்தான, ஒன்றனுள் ஒன்றாக அசையும் வளையங்களைப் பழங்காலக் கிரேக்கர் அறிந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த இத்தாலியக் கணித அறிஞர் ஜெரோலாமோ கார்டானோவின் பெயரால் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இது ‘கார்டான்’ எனப்படுகிறது. 1664இல் காஸ்பார் ஷாட் இந்த இணைப்பை விவரித்து, சுழற்சி சீராகவே கடத்தப்படும் என்றார். அது தவறு என்று கண்டவர் ராபர்ட் ஹூக். முதல் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், இரண்டாவது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். சாய்வு 30 பாகையானால் அதன் வேகம் முதல் தண்டின் வேகத்தைப்போல் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும்.

இதற்குத் தீர்வையும் 1683இல் ஹூக்கே முன்வைத்தார்: நடுவில் ஒரு தண்டு, அதன் இரு முனைகளிலும் இணைப்பு. இரு சாய்வுகளும் சமமாக இருந்து, நடுத்தண்டின் யோக்குகள் ஒரே தளத்தில் அமைந்தால், முதல் இணைப்பு உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது ஈடுசெய்துவிடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் அடிப்படை விதி இன்றும் இதுவே. கழற்றி மாட்டும்போது யோக்குகளின் நேர் தவறினால் அதிர்வு எழுவதும் இதனாலேயே.

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் சங்கிலியே சக்கரங்களைச் சுழற்றியது. அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் உறையிட்ட இணைப்புக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். தூசி புகாமலும் கிரீஸ் வெளியேறாமலும் காத்த அந்த உறை, தண்டுவழி இயக்கம் பரவத் துணைநின்றது.

முன்சக்கர இயக்கத்துக்கு இந்த ஏற்பாடு போதவில்லை. திரும்பும் சக்கரத்தில் சாய்வு மிகுதி, இரு சாய்வுகளைச் சமமாக வைக்கவும் வழியில்லை. ஆல்ஃபிரட் ர்செப்பா 1920களில் உருவாக்கிய, எஃகுக் குண்டுகள் கொண்ட சீர்வேக இணைப்பு அக்குறையைத் தீர்த்தது. 1959இல் வந்த பிரிட்டனின் மினி கார் அவ்வகை இணைப்பைப் பரவலாக்கியது. எனினும் எளிமையும் வலிமையும் மிக்க கிராஸ் இணைப்பு லாரிகளின் ஷாஃப்டுகளிலும் ஸ்டியரிங் தண்டுகளிலும் தொடர்ந்து பயன்படுகிறது.