காற்புண்ணின் காரணம் தேடிய வரலாறு



கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று குண்டூர் நாடு. மலைப் பள்ளத்தாக்குகளில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மேலேயுள்ள நீரைக் கீழே விடுவது எளிது. கீழேயுள்ள நீரை மேலே ஏற்றுவது அரிது. இவ்வரிய செயலை நம் உடம்பு ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. பாதத்திற்கு இறங்கிய இரத்தம் மீண்டும் நெஞ்சுக்கு ஏறியாக வேண்டும். அதை ஏற்றிச் செல்லும் குழாய்களுக்குச் சிரைகள் என்று பெயர். அவை தளர்ந்து, புடைத்து, நெளிந்து தோன்றுவதை மக்கள் நரம்புச் சுருட்டல் என்பர். உண்மையில் அவை நரம்புகள் அல்ல. நோய் முதிரும்போது கணுக்கால் வீங்கும். தோல் கறுத்துக் கெட்டிப்படும். சிலருக்கு உட்கணுக்காலின் மேற்புறத்தில் ஆறாத புண் உண்டாகும்.

இப்புண் ஏன் தோன்றுகிறது? இக்கேள்விக்கு மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடினான். விடை பிழையாக இருந்த காலமெல்லாம் நோயாளி அதற்கு விலை கொடுத்தான். ஆகவே, இது வெறும் மருத்துவச் செய்தி அன்று. மனித அறிவின் வரலாற்றிலே ஒரு பகுதியும் ஆகும்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, காலில் புண் உள்ளவர் நெடுநேரம் நிற்பது தகாது என்ற குறிப்பு உண்டு. நம் நாட்டுச் சுசுருத சங்கிதை, அட்டையைக் கொண்டு இரத்தம் வாங்கும் முறையை விரித்துரைக்கிறது. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளுள்ளும் அட்டை விடுதல் ஒன்றாகும். உரோமானியப் படைத்தலைவர் மாரியஸ், புடைத்த சிரைகளை ஒரு காலில் அறுத்தெடுக்கும் வரை வாய் திறவாமல் பொறுத்திருந்தார். மறுகாலை நீட்ட மட்டும் மறுத்துவிட்டார். அடையும் பயன் படும் வேதனைக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. இச்செய்தியை எழுதி வைத்தவர் புளூட்டார்க்.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர், அழற்சியின் அடையாளங்கள் நான்கு என வகுத்தார். சிவத்தல், வீங்குதல், சூடேறல், வலித்தல் என்பவையே அவை. அதே நூலில் புடைத்த சிரைகளுக்கு மருத்துவம் செய்யும் முறையையும் அவர் எழுதினார். ஒரே நூலில் இரண்டும் இடம் பெற்றிருந்தும், ஒன்றுக்கு மற்றொன்றோடு உள்ள உறவு புலப்பட ஏறத்தாழ 1900 ஆண்டுகள் ஆயின.

இடையில் வந்த கருத்து ஒன்று பெருந்தீங்கு விளைத்தது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலனின் கொள்கைப்படி, உடம்பின் நீர்களுள் ஒன்றாகிய கரும்பித்தம் மிகுந்தால் நோய் உண்டாகும். காற்புண் வழியே அந்தத் தீய நீர் வெளியேறுகிறது என்றும், புண்ணை ஆற்றினால் அது உள்ளே தங்கி உயிருக்கே கேடு செய்யும் என்றும் பின்வந்தோர் நம்பினர். இந்நம்பிக்கை பல நூற்றாண்டுகள் நீடித்தது. ஆற்றக்கூடிய புண்ணையும் ஆற்றாமல் விட்டனர். கெட்ட இரத்தம் போனால் போகட்டும் என்ற பேச்சு நம் ஊர்களிலும் கேட்பதுண்டு அன்றோ? அது மிகப் பழைய பிழையின் எதிரொலியேயாகும்.

இருள் நீங்கத் தொடங்கியது இத்தாலியின் பாதுவா நகரில். அங்கே பேராசிரியராக இருந்த ஃபேப்ரிசியஸ், சிரைகளினுள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் உள்ளன என்று 1603ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அவை இரத்தத்தை மேலே மட்டும் விடுகின்றன, கீழே திரும்ப விடுவதில்லை என்னும் பொருளை உணர்ந்தவர் அவருடைய மாணவராகிய வில்லியம் ஹார்வி. இரத்தம் உடம்பெங்கும் சுற்றி வருகிறது என்று 1628ஆம் ஆண்டில் அவர் நிறுவியபோது, இவ்வால்வுகளே அவருக்குச் சிறந்த சான்றாயின. ஆசிரியர் கண்ட பொருளின் பயனை மாணவர் கண்டார்!

வால்வு பழுதானால் இரத்தம் பின்னோக்கிப் பாயும். சிரையில் அழுத்தம் மிகும். இந்த அடிப்படையில் ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் 1890ஆம் ஆண்டை ஒட்டித் தொடையருகே பெருஞ்சிரையைக் கட்டும் அறுவையைப் புகழ்பெறச் செய்தார். ஆனால் அழுத்தத்தால் தோல் ஏன் அழிய வேண்டும்? பாஸ்டன் நகரத்து ஹோமன்ஸ் 1917ஆம் ஆண்டில் அதற்கு ஒரு விடை கூறினார். தேங்கிய இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. அதனால் தோல் பட்டினி கிடந்து மடிகிறது என்றார். கேட்பதற்குப் பொருத்தமான விளக்கந்தான். எனினும், பொருத்தமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. 1929ஆம் ஆண்டில் பிளேலாக் என்னும் அமெரிக்க மருத்துவர் அந்தச் சிரைகளின் இரத்தத்தை எடுத்து அளந்து பார்த்தார். பிராணவாயு குறைந்திருக்கவில்லை, கூடுதலாகவே இருந்தது! ஒரே அளவீட்டால் தேக்கக் கொள்கை ஆட்டங்கண்டது.

இனி, கதையின் மற்றொரு கிளைக்கு வருவோம். 1867ஆம் ஆண்டில் ஜெர்மானியர் கோன்ஹைம், தவளையின் மெல்லிய திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அழற்சி ஏற்பட்ட இடத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பின் சுவரைக் கடந்து வெளியேறுவதைக் கண்டார். 1882ஆம் ஆண்டில் மெச்னிகாஃப், உடம்பினுள் புகுந்த அயற்பொருளை இத்தகைய அணுக்கள் சூழ்ந்து விழுங்குவதை உணர்த்தினார். வெள்ளணுக்கள் நம் காவற்படை என்பது தெளிவாயிற்று.

இரு கிளைகளும் ஒன்று கூடியது இலண்டனில். 1982ஆம் ஆண்டில் பிரௌஸ், பர்னண்ட் என்னும் இருவர், நுண்குழாய்களைச் சுற்றி ஃபைப்ரின் என்ற பொருள் உறைபோல் படிவதே புண்ணுக்குக் காரணம் என்றனர். பின்னர் வேறு சில ஆய்வாளர்கள், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் காற்சிரை இரத்தத்தைச் சோதித்தனர். காலுக்குள் சென்ற வெள்ளணுக்களுள் ஒரு பகுதி திரும்பி வரவில்லை. சிரைநோய் உள்ளவர்களிடம் இக்குறைவு மிகுதியாக இருந்தது. அவை எங்கே போயின? நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு, அங்கேயே தம் படைக்கலங்களைப் பிரயோகிக்கின்றன என்று கோல்ரிட்ஜ் ஸ்மித்தும் அவருடைய தோழர்களும் 1988ஆம் ஆண்டில் விடை கூறினர்.

அதன்பின் வந்த ஆய்வுகள் இதை மேலும் விளக்கின. சிரையின் உட்படலம், தன்மேல் ஓடும் இரத்தத்தின் உரசலை உணர்ந்துகொண்டே இருக்கிறது. ஓட்டம் சீராக இருக்கும் வரை அது வழவழப்பாக அமைதியுடன் இருக்கும். ஓட்டம் தளர்ந்து, திசைமாறி, அழுத்தமும் மிகுந்தால், உட்படலம் ஒட்டும் தன்மையுள்ள மூலக்கூறுகளை வெளிக்காட்டுகிறது. வெள்ளணுக்கள் அவற்றில் ஒட்டிச் சுவருக்குள் புகுந்து, நொதிகளைச் சுரக்கின்றன. கிருமிகளை அழிக்கவேண்டிய அந்நொதிகள் சுவரின் நாரையும் வால்வின் இதழையும் அரிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! சுவர் தளர்ந்தால் வால்வு மூடாது. வால்வு மூடாவிட்டால் அழுத்தம் மேலும் ஏறும். அழுத்தம் ஏறினால் அழற்சி மிகும். அழுத்தம் மிக்க நுண்குழாய்களிலிருந்து செவ்வணுக்களும் கசிகின்றன. அவற்றின் இரும்புச்சத்துத் தோலில் படிந்து கருமை தருவதோடு, அழற்சியை அணையாமல் காக்கிறது. வால்வு முதலில் கெடுகிறதா, சுவர் முதலில் அழற்சியுறுகிறதா என்பது இன்றும் ஆராயப்படும் வினாவேயாகும்.

இவ்வறிவால் பயன் யாது? அசையாமல் நிற்கும்போது கணுக்காற் சிரையின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். நடக்கும்போது, நலமுள்ள காலில், அது ஏறத்தாழ 30க்கு இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதே காரணம். ஆகவே மலைச்சரிவில் ஏறி இறங்கி நடப்பவனைக் காட்டிலும், ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று தொழில் செய்பவனே மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும். நடத்தலும், ஓய்வின்போது காலை உயர்த்தி வைத்தலும், மருத்துவர் சொற்படி இறுக்குக் கட்டு அணிதலும் அழுத்தத்தைத் தணிக்கின்றன. அழுத்தம் தணிந்தால் அழற்சியும் தணிகிறது. தமனிகளில் அடைப்பு உள்ளவருக்கு இறுக்குக் கட்டுத் தீங்கு செய்யுமாதலால், மருத்துவரைக் கேளாமல் கட்டுதல் கூடாது.

காலந்தாழ்த்தாமையின் சிறப்பையும் அளந்து கண்டனர். 450 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லாருக்கும் இறுக்குக் கட்டு உண்டு. ஒரு சாராருக்குப் பழுதான சிரையையும் உடனே அடைத்தனர். புண் ஆறும் இடைநிலைக் காலம் அவர்களுக்கு 56 நாள். மற்றவர்களுக்கு 82 நாள்.

நோயின் முதலை நாடுக என்று வள்ளுவர் வற்புறுத்தினார். கரும்பித்தம் என்று நம்பிய காலத்தில் புண்ணைத் திறந்து வைத்தார்கள். தேக்கம் என்று எண்ணிய காலத்தில் பாதி உண்மையைக் கண்டார்கள். அழற்சி என்று அறிந்த பிறகே, கறுத்த தோலைக் கண்டவுடன் புண்ணைத் தடுக்க முயல வேண்டும் என்பதைத் தெளிந்தார்கள். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ வீங்கிய கணுக்காலோடு ஒரு மூதாட்டியார் துன்புற்றால், 'வயதானால் அப்படித்தான்' என்று சொல்லி வாளாவிருத்தல் வேண்டா. அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்ற வரலாறு கைக்கு உதவுவது அப்போதுதான்.