வெப்பக் காற்றின் வழி: கேமரன் மலைத் தேயிலையும் டேவிட்சன் குடும்பமும்

1. ஆய்வுப் பொருள்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலையைப் பற்றி எழுதுவோர் 1885-இல் மலையை அளந்த வில்லியம் கேமரனையும், 1929-இல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலையும் தவறாமல் குறிப்பிடுவர். தோட்டத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. ஆலைக்குள் கொழுந்தைத் தேயிலையாக்கும் இயந்திரத்துக்கும் மனித வரலாறு உண்டு. அதை உருவாக்கியவருள் முதன்மையானவர் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் (1846–1921). அவருடைய வாழ்வே இங்கு ஆய்வுப் பொருள்.

2. கச்சாரில் கற்ற பாடம்

பொறியாளர் ஒருவரிடம் சிறிது காலம் தொழில் பழகிய டேவிட்சன், 1864-இல் அசாமின் கச்சார் பகுதிக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தந்தை பங்கு வாங்கியிருந்தார். அக்காலத்தில் இலையைக் கரி நெருப்பின் மேல் தட்டுகளில் பரப்பிக் காயவைத்தார்கள். ஆள் நின்று புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். சற்று அசந்தால் அடியிலை கருகும், மேலிலையில் ஈரம் நிற்கும். புகைவாடை ஏறிவிட்டால் அந்தத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்காது.

டேவிட்சன் நெருப்பையும் இலையையும் பிரித்தார். அடுப்பு காற்றைச் சூடாக்கும். புகை தனி வழியில் வெளியேறும். சூடான தூய காற்று மட்டும் தட்டுகளின் ஊடே செல்லும். சகாராவிலிருந்து வீசும் அனல்காற்றின் பெயரால் இக்கருவி ‘சிராக்கோ’ எனப்பட்டது. நெருப்பருகில் நின்று வேலை நடந்ததைக் கண்ணால் கண்டவருக்கே இந்த எண்ணம் தோன்றியிருக்கும் என்பது என் துணிபு.

3. தொழிற்சாலையும் மகனும்

தாயகம் திரும்பியவர் 1881-இல் பெல்ஃபாஸ்ட்டில் சிராக்கோ பொறியியல் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1898-இல் அவர் வடிவமைத்த மையவிலக்கு விசிறி, கப்பல்களுக்கும் காற்றூட்டியது. டைட்டானிக்கிலும் சிராக்கோ விசிறிகள் இருந்தன.

தொழிலில் அவருக்குத் துணைநின்ற மகன் ஜேம்ஸ், முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளிலேயே மாண்டார். தந்தைக்கு அப்போது 69 வயது. 1921-இல் சர் பட்டம் வந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார்.

4. மலைக்கு வந்த காற்று

அவர் மறைந்து எட்டாண்டு கழித்து ‘போ’ தொடங்கியது. 1933-இல் ரஸ்ஸலும் காலமானார்; குடும்பம் தோட்டத்தைக் கைவிடவில்லை.

கேமரன் மலையின் குளிரிலும் மழையிலும் கொழுந்து தானாக வாடக் காத்திருக்க முடியாது. வாட்டும்போதே விசிறி காற்றைச் செலுத்தவேண்டும். பிறகு உருட்டி, நொதிக்கவைத்து, இறுதியாக, டேவிட்சனின் சிராக்கோவில் போலவே, உலர்த்தியின் வெப்பக் காற்றில் ஈரத்தை ஏறக்குறைய மூன்று விழுக்காட்டுக்குக் குறைக்கிறார்கள். கேமரன் மலைக்கு அப்பால், இலங்கை மலையகத் தமிழர் தேயிலை ஆலையின் சக்கரத்தைத் தெய்வமாகக் கண்டு ‘ரோதை முனி’ என்று கும்பிட்டனர். இயந்திரத்தைச் செய்தவர் பெயர் அவர்களுக்கு எட்டியதோ இல்லையோ, அதன் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அவர்கள்தாம்.