தொளதொள உடை போட்டால் ‘மூட்டை மாதிரி’ தெரிவது ஏன்? புடவையிலேயே இருக்கு பதில்!

அம்பத்தூர் மேனாம்பேட்டில் காலை நேரத்தில் தெருவைப் பார்த்தால் இரண்டு விதமான தொளதொள உடைகள் கண்ணில் படும். பால் பாக்கெட் வாங்க வரும் அம்மாக்கள் நைட்டி மேல் ஒரு துண்டு போட்டிருப்பார்கள். ரயிலைப் பிடிக்க ஓடும் இளம்பெண்கள் முட்டியைத் தாண்டிய குர்த்தி, பலாஸோ, அதன் மேல் ஒரு துப்பட்டா என்று போவார்கள்.

இரண்டுமே காற்றோட்டமானவை, இரண்டுமே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் போடுபவை. ஆனால் ஒன்றைப் பார்த்தால் “நல்லா இருக்கே, எங்க வாங்கின?” என்று கேட்கிறார்கள். இன்னொன்றைப் பார்த்தால் “என்ன இது, சாக்கு மாட்டின மாதிரி?” என்கிறார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது? விலையிலா, உடம்பிலா, தையலிலா? பார்க்கலாம்.

தொளதொள உடை உண்மையிலேயே வெயிலுக்கு நல்லதா?

நல்லதுதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்த அளவுக்குப் போகாத சாதாரண மே மாதத்திலும், உடம்போடு ஒட்டிய ஜீன்ஸும் டாப்ஸும் போட்டுக்கொண்டு மதியம் பஸ்ஸுக்கு நிற்பது லேசான விஷயம் இல்லை.

பாலைவனத்தில் வாழும் பெடூயின் மக்கள் கறுப்பு நிறத்தில் அகலமான அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த விஞ்ஞானிகளின் கட்டுரை 1980-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கறுப்புத் துணி வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது. ஆனால் அங்கி தொளதொளப்பாக இருப்பதால் துணிக்கும் உடம்புக்கும் நடுவே காற்று ஓடி, அந்தக் கூடுதல் சூட்டைத் தோலுக்கு வருவதற்கு முன்பே வெளியே கொண்டுபோய்விடுகிறது. வெள்ளை அங்கி போட்டாலும் கறுப்பு அங்கி போட்டாலும் உடம்புக்கு வந்து சேர்ந்த சூடு ஒன்றுதான் என்பது அந்த ஆய்வின் முடிவு.

சென்னை பாலைவனம் கிடையாது. இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. அதனால் இந்த ஊருக்கு உடை தொளதொளப்பாக இருந்தால் மட்டும் போதாது, துணியும் மெல்லிசாக இருக்க வேண்டும்.

நைட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பேர்?

தென்னிந்திய வீடுகளில் அதிகம் புழங்கும் தொளதொள உடை நைட்டிதான். சமையல், துவைப்பது, பிள்ளைகளைக் கிளப்புவது என்று எல்லா வேலைக்கும் வசதி. ஆனால் அதிகம் திட்டு வாங்கும் உடையும் அதுதான்.

2014-ல் நவி மும்பையின் கோதிவலி கிராமத்தில், பகலில் நைட்டியுடன் வெளியே வந்தால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. 2018-ல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலப்பள்ளி கிராமத்தில் பெரியவர்கள் கூடி, காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணி வரை நைட்டிக்குத் தடை போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், போட்டுக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்றும் அறிவித்தார்கள்.

பெண்கள் வசதியாக இருப்பதே சிலர் கண்ணுக்கு ‘ஒழுங்கில்லாமல்’ தெரிகிறது என்பதற்கு இவை உதாரணங்கள். தொளதொள உடைமீது வரும் எல்லா விமர்சனமும் தையல் பற்றியது இல்லை, சில விமர்சனம் பெண்ணைப் பற்றியது. அந்த இரண்டாவது வகைக்கு எந்த டெய்லரிடமும் மருந்து இல்லை. முதல் வகைக்கு மட்டும் உண்டு.

‘மூட்டை’ மாதிரி தெரிவது எதனால்?

இதற்கான பதில் நம்ம புடவையிலேயே இருக்கிறது. புடவை என்பது ஐந்தரை மீட்டர் நீளத் துணி. பொதுவாக அதில் வெட்டு, தையல், பட்டன் எதுவும் கிடையாது. கணக்குப் பார்த்தால் அதைவிடத் தொளதொளப்பான உடை வேறு இல்லை. அப்படியும் புடவை கட்டியவரை யாரும் மூட்டை என்று சொல்வதில்லை.

காரணம், புடவை சில இடங்களில் இறுக்கமாகப் பிடித்து நிற்கிறது. இடுப்பில் சொருகுகிறோம். தோளில் முந்தானை நிற்கிறது. ஜாக்கெட் தோளிலும் கையிலும் அளவாகப் பொருந்துகிறது. கொசுவம் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் விழுகிறது. இத்தனை இடம் சரியாக இருப்பதால் மீதித் துணி எவ்வளவு இருந்தாலும் பார்க்க அழகாக இருக்கிறது.

நைட்டியில் இப்படிப் பிடித்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. தோள் இறங்கி இருக்கும், கை முழங்கை வரை விரிந்து தொங்கும், கீழே பாதம் வரை ஒரே அகலம். கண்ணுக்கு உடம்பின் உருவம் எங்கேயும் தெரியாததால், துணியின் மொத்த அகலத்தையும் உடம்பின் அகலமாக எடுத்துக்கொள்கிறது. ‘மூட்டை’ என்ற எண்ணம் வருவது இப்படித்தான்.

ஆக, உடை தொளதொளப்பாக இருப்பது தப்பில்லை. தோள், மணிக்கட்டு, கணுக்கால் இந்த மூன்றில் இரண்டாவது ஒழுங்காகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தோள். வயிறு, இடுப்புப் பக்கம் பிடிக்கக் கூடாது என்று பலர் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிடுவார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. சைஸ் ஏற ஏறத் தோளும் அகலமாகும், தோள் தையல் கைமேல் இறங்கும், “அக்கா டிரஸ்ஸை வாங்கிப் போட்டுக்கிட்டியா?” என்ற கேள்வி வரும்.

அதற்குப் பதிலாகத் தோளுக்குச் சரியான சைஸில், கீழே போகப் போக விரியும் ஏ-லைன் வெட்டை எடுக்கலாம். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் நின்றால் போதும், மார்புக்குக் கீழே எவ்வளவு அகலம் வேண்டுமானாலும் இருக்கலாம். வேண்டுமென்றே தோள் இறக்கித் தைக்கும் ‘டிராப் ஷோல்டர்’ மாடல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றில் கழுத்தும் கை நுனியும் அளவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தெருமுனை டெய்லரிடம் மூன்று வேலை சொன்னால் போதும்: தோளைப் பிடித்துத் தைப்பது, கையை மணிக்கட்டு தெரியும்படி முக்கால் கையாகக் குறைப்பது, பலாஸோவைக் கணுக்கால் எலும்பு தெரியும் அளவுக்கு மடித்து அடிப்பது. துணி எடுத்துப் புதிதாகத் தைப்பதாக இருந்தால், முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். காட்டனும் ரேயானும் முதல் சலவையில் சுருங்கும்.

அடுக்கிப் போடும்போது எது மேலே, எது கீழே?

அடுக்கு என்பது நமக்குப் புதிதில்லை. பாவாடை தாவணியே மூன்று அடுக்குதான். வெளிநாட்டில் ‘லாகன்லுக்’ என்று ஒரு பாணி இருக்கிறது. ‘லாகன்’ என்றால் ஜெர்மன் மொழியில் அடுக்குகள். 1981-ல் ரெய் கவாகுபோ, யோஜி யாமமோட்டோ என்ற இரண்டு ஜப்பானிய டிசைனர்கள் பாரிஸில் இப்படிப்பட்ட அகலமான, கறுப்பு நிற உடைகளைக் காட்டியபோது பலர் கிண்டல் செய்தார்கள். இன்று ஃபேஷன் வரலாற்றில் அவர்களுக்குத் தனி இடம் உண்டு.

அடுக்குவதற்குச் சில எளிய கணக்குகள்:

• மேலே அகலம் என்றால் கீழே ஒல்லி. தொளதொள குர்த்தா போட்டால் ஸ்ட்ரெய்ட் பேண்ட்டோ லெக்கிங்ஸோ போடலாம். கீழே பலாஸோ என்றால் மேலே குட்டைக் குர்த்தி.

• உயரத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியட்டும். குர்த்தியைவிட ஷ்ரக் இரண்டு விரல் மட்டும் குட்டையாக இருந்தால், தெரியாமல் நடந்த தப்பு மாதிரி இருக்கும். ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் வேண்டுமென்றே போட்டது என்று புரியும்.

• உள்ளே மெல்லிசு, வெளியே கொஞ்சம் கனம். தடித்த துணிக்கு மேல் தடித்த துணி போட்டால் கட்டாயம் உப்பும்.

• உள்ளே போடும் டாப்ஸும் பேண்ட்டும் ஒரே நிறத்தில் இருந்தால் மேலிருந்து கீழ் வரை ஒரு நேர்கோடு கிடைக்கும். திறந்து விட்ட ஷ்ரக் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும்.

• துப்பட்டாவை மார்பு முழுக்கப் பரப்பினால் அகலம் கூடித் தெரியும். மடிப்பு வைத்து ஒரு தோளில் பின் குத்தினால் நீளம் தெரியும்.

ஆண்களுக்கும் இதே கணக்குதான். 1994-ல் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவா போட்ட பேகி பேண்ட் ஆட்டத்துக்கு எடுப்பாக இருந்தது. இன்றைய ஓவர்சைஸ் டி-சர்ட்டைப் பேகி ஜீன்ஸோடு சேர்த்துப் போட்டால், கழுத்துப் பட்டி இறங்காமல் இருப்பதும் பேண்ட் ஷூவில் மிதிபடாமல் இருப்பதும் முக்கியம்.

எந்தத் துணி எடுக்கலாம்?

மல் காட்டன் மெல்லிசு, சென்னைக்கு ஏற்றது. ஆனால் உள்ளே தெரியும் என்பதால் ஸ்லிப் தேவைப்படும். லினன் காற்றோட்டமானது, சுருங்கினாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்குச் சரி. ரேயான் வழிந்து விழும், அதனால் உப்பாது. ஜார்ஜெட் அழகாக விழுந்தாலும், பாலியஸ்டராக இருந்தால் வியர்க்கும்.

இன்னொரு விஷயம், கஞ்சி. காட்டன் புடவைக்குக் கஞ்சி போடுவது மடிப்பு நிற்க. அதே கஞ்சியைத் தொளதொள குர்த்தாவுக்குப் போட்டால் குடை மாதிரி விரிந்து நிற்கும். குர்த்தாவுக்குக் கஞ்சி வேண்டாம், இஸ்திரி மட்டும் போதும்.

எங்கே தொளதொள உடை கூடாது?

இதுதான் பலர் யோசிக்காத பகுதி. முதலாவது, டூவீலர். பின்சீட்டில் உட்காரும்போது தொங்கும் துப்பட்டா, முந்தானை, அகலமான பலாஸோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகும், வண்டி கவிழும், உயிரே போகலாம். அதனால்தான் 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்சீட்டில் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. நாம் ‘சாரி கார்டு’ என்று சொல்வது இதைத்தான். அழகுக்காக அதைக் கழற்றிவிட்ட பைக்கில் ஏறுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. தடுப்பு இருந்தாலும் துப்பட்டாவின் இரண்டு முனையையும் முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, மெஷின். மேனாம்பேட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஓடும் மெஷின் அருகே வேலை செய்பவர் உடம்போடு பொருந்திய உடைதான் போட வேண்டும், அதை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவே சொன்னது. ஷாப் ஃப்ளோரில் அகலக் கை, தொங்கும் ஷ்ரக், துப்பட்டா எதுவும் வேண்டாம். வீட்டில் கேஸ் அடுப்பு முன்னால் நிற்கும்போதும் தொங்கும் கையை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆபீஸ். தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் தமிழக அரசு வெளியிட்ட உத்தரவில், பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவுடன் சல்வார் கமீஸ், சுடிதார் அணியலாம், நிறம் கண்ணை உறுத்தாததாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. இதில் இறுக்கமான உடை வேண்டும் என்று எங்கும் இல்லை. தோள் பொருந்திய அகலமான குர்த்தியும் மடிப்பு வைத்துக் குத்திய துப்பட்டாவும் இந்த விதிக்குள் வசதியாக அடங்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு நிமிட டெஸ்ட்

டிரையல் ரூமில் நேராக நின்று கண்ணாடி பார்ப்பது மட்டும் போதாது. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள், குர்த்தி மொத்தமாக மேலே ஏறுகிறதா? உட்கார்ந்து எழுந்திருங்கள், துணி காலில் சிக்குகிறதா? பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், முன்னால் கூடாரம் மாதிரி நிற்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் தாராளமாக வாங்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டவர்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எனப் பலர் ‘உடம்பை மறைக்கணும்’ என்ற எண்ணத்தோடுதான் தொளதொள உடையைத் தேடிப் போகிறார்கள். மறைப்பதற்காக வாங்கினால் எப்போதும் தேவைக்கு மேல் பெரிய சைஸில்தான் கை போகும். மூச்சு விடவும் நடக்கவும் காற்று வரவும் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாங்கினால் சரியான சைஸ் கிடைக்கும். தோள் அளவை ஒருமுறை டெய்லரிடம் எடுத்து போனில் குறித்து வைத்துக்கொண்டால், ஆன்லைனில் வாங்கும்போதும் சைஸ் சார்ட்டில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.