கஞ்சி இருந்த வீடும் இல்லாத வீடும்

"காய்ச்சல் எல்லாருக்குந்தான் மகன் வந்த. கஞ்சி இருந்த ஊட்டுல ஆள் எழும்பின. இல்லாத ஊட்டுல மௌத்தாப் போன." குருநாகல் மாவட்டக் கிராமமொன்றில் பிறந்த என் உம்மும்மா, தன் சிறுவயதில் கண்ட மலேரியாவைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். அதன் பொருள் பின்னர் வரலாற்றை வாசித்தபோதே எனக்கு விளங்கியது.

1934இல் மழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாகி, அவற்றில் நுளம்பு பெருகியது. ஆண்டிறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. நுளம்பு ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தால் கொப்பரா, இறப்பர் விலை விழுந்து, கூலிவேலையும் அற்று, ஏழைக் குடும்பங்கள் முன்பே மெலிந்திருந்தன. நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத்தினர் மருந்தோடு உணவும் கொடுக்க வேண்டியிருந்தது.

போர்க்காலத் தட்டுப்பாட்டினால் 1942இல் அரிசிப் பங்கீடு வந்தது. முதலாளி வீட்டிலும் கூப்பன் புத்தகம், நாட்டாமை வீட்டிலும் கூப்பன் புத்தகம். உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவர்கள் 1946இல் 141 பேர்; 1953இல் 71 பேர். டி.டி.ரி தெளித்ததே காரணம் என்பார்கள். அது பெரிய காரணந்தான். ஆனால் மலேரியா குறைந்த மாவட்டங்களிலும் மரணம் குறைந்ததே! அங்கே கைகொடுத்தவை மலிவு அரிசி, காசு கேட்காத ஆஸ்பத்திரி, வீடு தேடி வந்த மருத்துவிச்சி. நாடு பணக்கார நாடாகிவிடவில்லை. இருந்ததில் ஒரு பங்கு அடிமட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இதன் மறுபக்கச் சாட்சி மலையகம். 1970களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீடு சுருங்கியபோது, பெருந்தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. கிராமத்தில் பலருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தில் நாட்கூலி மட்டுந்தான்.

1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது. கடை விலை நிற்கவில்லை.

இன்று காலைக்கூட்டத்தில் ஒரு பிள்ளை தலைசுற்றி உட்கார்ந்தால், "காலையில என்ன சாப்பிட்ட?" என்றுதான் முதலில் கேட்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு, பதில் சொல்லாமல் தலைகுனியும் பிள்ளைகளை அதிகம் காண்கிறேன். உம்மும்மா சொன்ன இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள்.