கணினித் திரைக்குத் தமிழ் வந்த கதை

1/
இந்தப் பதிவை இப்ப நீங்க தமிழில் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. இதற்காக எந்த ஃபாண்டையும் டவுன்லோடு செய்யவில்லை, எந்த செட்டிங்கையும் மாற்றவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இது நடக்காத காரியம்.

இதை நடத்திக் காட்டியதில் பெரிய கம்பெனிகளின் பங்கு உண்டு. ஆனால் பாதி வழி வரைக்கும் தூக்கிச் சுமந்தவங்க வேற. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டில் தங்கள் கம்ப்யூட்டரை நோண்டிக்கொண்டிருந்த ஆர்வலர்கள்.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கு.

2/
முதலில் அடிப்படை.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 1963-ல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்ற முறையில் 128 இடங்கள். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-வுக்கு எண் 65. சின்ன எழுத்து 'எம்'-முக்கு 109.

வார்டில் கட்டில் எண் மாதிரின்னு வச்சுக்கோங்க. 65-ஆம் கட்டில் என்றால் அங்கே யார் படுத்திருக்கிறார் என்று எல்லா நர்ஸுக்கும் தெரியும். அப்படி.

3/
பிறகு கட்டில்கள் 256 ஆகின. முதல் 128-ல் ஆங்கிலமும் எண்களும் நிறுத்தற்குறிகளும் ஏற்கெனவே படுத்தாச்சு. மிச்சம் 128. அதிலும் சில இடங்களை சிஸ்டம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

நமக்கு எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247.

அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கு சொல்லிக் கொடுக்காமலே புரியும். ஆள் அதிகம், கட்டில் குறைவு.

4/
வழி என்ன? எழுத்தைப் பிரிப்பது.

'கொ' என்பதற்குத் தனி இடம் வேண்டாம். கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு போதும். அதே காலை 'சா', 'மா', 'லா' எல்லாவற்றுக்கும் பயன்படுத்திக்கலாம். ஆனால் கு, டு, மு, ரு போன்றவை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும். அவற்றுக்குத் தனித்தனி இடம் கொடுத்தே ஆகணும்.

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்தது இல்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்தபோதே இதைச் செய்துவிட்டார். 'நகரா விசை' என்று ஒன்று. அதை அடித்தால் புள்ளி தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். ஆங்கில டைப்ரைட்டர் அளவு விசைகளுக்குள்ளேயே 247 எழுத்தும் அடங்கியது.

5/
எண்பதுகளில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது. முதலில் வெளிநாடுகளில்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் 'முரசு' செய்கிறார்.
கனடாவில் ஸ்ரீனிவாசன் 'ஆதமி' என்று ஒரு தமிழ் எழுதும் சாஃப்ட்வேரும், பிறகு விண்டோஸுக்கு 'ஆதவின்'னும் செய்கிறார்.
சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுக்கிறார்.
சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்குகிறார்.

எல்லாருமே தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவங்க. ஊருக்குத் தமிழில் கடிதம் எழுதணும், தமிழில் படிக்கணும் என்ற ஏக்கம் அவங்களுக்குத்தான் அதிகம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

6/
இவங்க காலத்தில் பெரும்பாலான தமிழ் ஃபாண்டுகள் செய்தது ஒரு தந்திரம். கட்டில் எண்ணை மாற்றாமல், படுத்திருக்கும் ஆளை மாற்றுவது.

உதாரணத்துக்கு, இலங்கைத் தமிழர்களிடமும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதிகம் புழங்கிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு விரல் தானாகவே போகும்படி அமைந்தது. அதில் சின்ன 'எம்' இருந்த 109-ஆம் இடத்தில் 'அ' படத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க அடித்தது 'எம்'தான். திரையில் தெரிவது 'அ'.

அழகான ஏமாற்று வேலை. உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் சரியாக ஓடும்.

7/
அந்த ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டு நண்பரிடம் கொடுத்தால்?

அவரிடம் பாமினி இல்லையென்றால் 'அம்மா' என்ற சொல் அவர் திரையில் இப்படித் தெரியும்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
'தமிழ்' என்ற சொல்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

அவரிடம் வேறொரு தமிழ் ஃபாண்ட் இருந்தாலும் பிரச்சினை தீராது. அதில் 109-ஆம் கட்டிலில் வேறு எழுத்து படுத்திருக்கும்.

மருந்துக் கடையோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். ஒரே மாத்திரைக்கு ஆளாளுக்கு ஒரு பிராண்டு பெயர், அட்டையில் மூலப்பெயரே அச்சிடவில்லை என்றால் எப்படி இருக்கும்? அதுதான் தொண்ணூறுகளின் தமிழ்க் கணினி.

8/
இணையம் வந்ததும் இது முற்றியது.

பத்திரிகைக்குப் பத்திரிகை தனி ஃபாண்ட். முகப்பிலேயே 'எழுத்துருவை இறக்கிக்கொள்ள இங்கே சொடுக்கவும்' என்று இருக்கும். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்போம். அங்கே ஃபாண்ட் நிறுவ அனுமதியும் இருக்காது.

9/
அப்பதான் ஆர்வலர்கள் ஃபாண்ட் செய்வதைவிடக் கஷ்டமான வேலையில் இறங்கினார்கள். உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்வது.

1997-ல் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு. அதே காலத்தில் உலகம் முழுக்க இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்ற பொது முறையை உருவாக்கினார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99'. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டே தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளையும், 'தமிழ்99' கீபோர்டையும் அறிவித்தது.

2000-ல் இந்த முயற்சிகளை ஒருங்கிணைக்க 'உத்தமம்' அமைப்பு பிறந்தது.

10/
தமிழ்99 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது.

உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டல். நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஏன்னா, தமிழில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது புள்ளி பெறும் என்பதைக் கீபோர்டுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இலக்கணம் தெரிந்தவர்களும் கணினி தெரிந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

11/
இதற்கிடையே இன்னொரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. யூனிகோடு.

உலகத்தின் எல்லா மொழிகளுக்கும் ஒரே பெரிய மருத்துவமனை. யாரும் யாருடைய கட்டிலையும் பிடுங்க வேண்டாம். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். இந்திய அரசின் 1988 இஸ்கி முறையை அடியொற்றிய ஒதுக்கீடு அது. இன்று அதில் 72 இடங்கள் நிரம்பியிருக்கின்றன.

இங்கே 'அ'-வின் எண் 2949. சென்னையிலும் 2949, கொழும்பிலும் 2949, டொராண்டோவிலும் 2949. ஃபாண்டை மாற்றினால் எழுத்தின் அழகு மாறும், எண் மாறாது.

12/
ஆனால் எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை.

யூனிகோடில் 'கி'-க்குத் தனி இடம் கிடையாது. 2965-ல் இருக்கும் 'க', 3007-ல் இருக்கும் மேல்விலங்கு, இரண்டையும் சேர்த்துத்தான் 'கி'. உயிர்மெய்யை இப்படிப் பிரித்து வைப்பது சரியா, 247-க்கும் தனி இடம் வேண்டாமா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் 'டேஸ் 16' என்ற முறை. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும் கோளாறை இன்றும் சில சாஃப்ட்வேர்களில் பார்க்கலாம். துண்டுகளைச் சரியாகச் சேர்க்கத் தெரியாத சாஃப்ட்வேர் அது.

13/
விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவுடன் தமிழ் உள்ளே வந்தது. சரி, எல்லாம் முடிஞ்சுதா? இல்லை.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதில் தமிழ் ஒளிந்துகொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலுக்குப் போய், வட்டார மொழி அமைப்பைத் திறந்து, 'சிக்கலான எழுத்துகளும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளும், தாய் மொழி உட்பட' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கணும். அந்த 'தாய்' நம்ம தாய்மொழி இல்லைங்க, தாய்லாந்து. தமிழ் என்ற பெயரே அந்த வரியில் கிடையாது! பிறகு எக்ஸ்பி சிடியைக் கேட்கும். போட்டு, ரீஸ்டார்ட் செய்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த இடமெல்லாம் தமிழாக மாறும்.

இதை அன்று ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக் கொடுத்தார்கள்.

14/
விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள்? அவங்களுக்கு அந்தக் கட்டமே கிடையாது.

அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி 'தேனீ' என்ற இயங்கு எழுத்துருவைச் செய்தார். இணையப் பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே வந்துவிடும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலும் பிரவுசிங் சென்டரிலும் யூனிகோடு தமிழைப் படிக்க வழி பிறந்தது. காசு வாங்காமல் கொடுத்தார். 2006-ல் காலமானார். அன்றைய வலைப்பதிவர்கள் பலரின் பக்கங்களில் அவர் உழைப்பு இருந்தது.

15/
படிக்க வழி வந்தாச்சு. எழுத?

லாவோ மொழிக்காக 1993-ல் மார்க் டர்டின் என்பவர் தொடங்கிய 'கீமேன்' என்ற கருவியை எடுத்து, முகுந்தும் தமிழா குழுவினரும் 'இ-கலப்பை' செய்தார்கள். எங்கோ ஒரு சிறிய மொழிக்குச் செய்த கருவி நமக்கு உழவு ஓட்டியது. பா. விஸ்வநாதனின் 'அழகி', பிறகு 'என்எச்எம் ரைட்டர்' என்று வரிசையாக வந்தன. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்', பழைய ஃபாண்டில் இருந்ததை யூனிகோடாக மாற்றிக் கொடுத்தது.

16/
எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது 'மதுரைத் திட்டம்'. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். வரிசையில் முதல் நூல் திருக்குறள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 'மயிலை' அவரே செய்த எழுத்துரு. ஆனால் பொது முறை வந்ததும் நூல்களைத் திஸ்கிக்கு மாற்றினார்கள். பிறகு யூனிகோடுக்கு. நான் செய்ததுதான் நிற்கணும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், அந்த நூல்கள் இன்று நம் மொபைலில் திறக்காது.

17/
2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் அரசின் முறைகளாக ஏற்று ஆணையிட்டது.

ஆனால் ஆணை வந்த அன்றே பழைய ஃபைல்கள் தானாக மாறிவிடாது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு அனுபவம். இன்சுலின் போடுபவர்களுக்கான அறிவுரைத் தாளை, முன்பு யாரோ அக்கறையாகத் தமிழில் அடித்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை மாற்றினார்கள். பழைய ஃபாண்ட் போச்சு. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. அதற்கு நடுவே '30' மட்டும் தெளிவாகத் தெரியுது. எண்களின் கட்டிலை யாரும் தொடவில்லை இல்லையா, அதனால்.

30 என்றால் என்ன? 30 யூனிட்டா? சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னா?

நல்லவேளை, பழைய அச்சுப் பிரதி ஒன்று பீரோவில் இருந்தது. அதைப் பார்த்துத் திரும்ப யூனிகோடில் அடித்தோம். அது '30 நிமிடம் முன்'.

18/
ஆங்கிலம் தெரியாத ஒரு அம்மாவுக்கு, டிஸ்சார்ஜ் ஆகும்போது நான் கொடுக்கும் தாள் அவங்க மொழியில் இருந்தால்தான் வீட்டில் மருந்து சரியாகப் போகும். அவங்க பேரன் அதை வாட்ஸ்அப்பில் வெளியூரில் இருக்கும் அவங்க மகளுக்கு அனுப்பினால் அங்கேயும் அதே தமிழ் திறக்கணும். அதற்கு 2949 எங்கேயும் 'அ'வாகவே இருக்கணும். இதற்குத்தான் அத்தனை பேரும் கண் விழித்தார்கள்.

உங்கள் டெஸ்க்டாப்பை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றுங்கள். வால்பேப்பர், ஐகான், ஃபாண்ட், கீபோர்டு எல்லாம் உங்கள் விருப்பம். எழுதிச் சேமிப்பது மட்டும் எல்லாரும் திறக்கக்கூடிய யூனிகோடில் இருக்கட்டும்.

19/
இப்ப உங்களுக்கான வேலை.

வீட்டில் பழைய சிடி, ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் தேடுங்க. அப்பா அடித்து வைத்த கட்டுரை, தாத்தாவின் கவிதை, குடும்ப வரலாறு, சங்கத்தின் தீர்மானம் ஏதாவது இருக்கும். திறந்தால் குப்பையாகத் தெரிந்தாலும் அழிச்சுடாதீங்க. உள்ளே தமிழ் உயிரோடுதான் இருக்கு.

✅ எந்த ஃபாண்டில் அடித்தது என்று பாருங்கள். வேர்டு ஃபைல் என்றால் ஃபாண்ட் பெயர் மேலேயே காட்டும்.
✅ முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம்.
✅ எழுத்துரு மாற்றியில் அந்த ஃபாண்டைத் தேர்வு செய்து யூனிகோடாக மாற்றுங்கள்.
✅ கொ, கோ, கௌ வரும் சொற்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். பிழை அதிகம் வரும் இடம் அதுதான்.
✅ மாற்றியதை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

அந்த ஃபாண்டைத் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் பலர் இன்னும் நம்மோடு இருக்காங்க. தெரியவில்லை என்றால் இப்பவே கேட்டு வைங்க. பிறகு கேட்க ஆள் இருக்காது.